சப்வூஃபருக்கு முழு பவர் போய்ச் சேர...

காரில் சப்வூஃபர் மாட்டிய பலரும் 'பேஸ் போதவில்லை' என்று அடுத்த பெரிய ஆம்ப் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இருக்கிற ஆம்பின் பவரே முழுசாக வூஃபருக்குப் போகாமல், மெல்லிய வயரிலும் மோசமான எர்த்திலும் சூடாகி வீணாவதுதான் பல கார்களில் நடக்கிறது. புது ஆம்புக்குப் பணம் போடுமுன் வயரிங்கைப் பாருங்கள்.

1. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட்டை மறந்துவிடுங்கள். கையேட்டில் ஆர்எம்எஸ் வாட் என்ன, அது எத்தனை ஓமில் என்று பாருங்கள். வூஃபரின் ஆர்எம்எஸ்ஸும் ஏறக்குறைய அதே அளவில் இருக்க வேண்டும்.

2. செலவே இல்லாமல் பவர் கூடும் இடம் ஓம் கணக்குதான். 'டூயல் வாய்ஸ் காயில்' வூஃபரில் இரண்டு ஜோடி டெர்மினல் இருக்கும். தலா 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காயிலின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸோடு இணைத்தால் அது சீரிஸ், மொத்தம் 8 ஓம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் பேரலல், மொத்தம் 2 ஓம். 4 ஓமில் 300 வாட் தரும் மோனோ ஆம்ப் 2 ஓமில் 500 வாட் வரை தரக்கூடும். 8 ஓமில் ஏறத்தாழ 150 வாட்தான் வரும். 'ஆம்ப் வீக்' என்று குறை சொல்பவர்கள் பெட்டியைத் திறந்து இந்த ஜம்பர் வயரை முதலில் பார்க்கட்டும். இரண்டு காயிலில் ஒன்றை மட்டும் இணைத்து ஓட்டுவதும் தவறு.

3. ஆம்ப் தாங்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகவே கூடாது. 2 ஓம் வரை மட்டுமே தாங்கும் ஆம்பில் 1 ஓம் வைத்தால் சூடாகி 'புரொடெக்ட்' விளக்கு எரியும், அல்லது உள்ளே ஏதாவது கருகும். அந்த ஆபத்துக்குக் கிடைப்பதும் அதிகமில்லை. பவர் இரட்டிப்பானாலும் ஒலி 3 டெசிபல்தான் ஏறும்.

4. இரண்டு வூஃபர் வைக்க ஆசையா? டூயல் 4 ஓம் இரண்டையும் முழுக்கப் பேரலலாக்கினால் 1 ஓம். ஒவ்வொன்றையும் சீரிஸாக்கி, பிறகு இரண்டையும் பேரலலாக்கினால் 4 ஓம். அவற்றால் 2 ஓம் கொண்டுவர முடியாது. 2 ஓம் வேண்டுமென்றால் ஒற்றைக் காயில் 4 ஓம் வூஃபர் இரண்டை வாங்கிப் பேரலலாக இணையுங்கள். வேறு வேறு ஓம் உள்ள வூஃபர்களைக் கலக்காதீர்கள்.

5. இரண்டு சேனல் ஆம்பை 'பிரிட்ஜ்' செய்யும்போது ஒவ்வொரு சேனலும் வூஃபரின் ஓமில் பாதியைத்தான் உணரும். 4 ஓம் வூஃபர் அதற்கு 2 ஓம் போல. ஆகவே 'பிரிட்ஜில் குறைந்தது 4 ஓம்' என்று போட்டிருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள்.

6. 500 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீதம் திறனில் ஓடினால் 625 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். இவ்வளவும் பானட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் போக வேண்டும். 8 கேஜ் செம்பு வயரில் போகும் வழியில் மட்டுமே அரை வோல்ட் அளவுக்கு விழும். 4 கேஜில் 0.2 வோல்ட்தான். ஹார்டுவேர் கடையில் கேட்பதானால் 4 கேஜ் என்பது ஏறக்குறைய 21 சதுர மி.மீ.; 25 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிளும் நன்றாகவே வேலை செய்யும்.

7. விலை மலிவான 'ஆம்ப் கிட்' வயரில் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதே தடிமன் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். வேறு வழியில்லை என்றால் ஒரு படி பெரிய சைஸ் போடுங்கள்.

8. வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிளஸ் கேபிளில் ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே, 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைக் காக்கும். பேட்டரி அருகே உள்ளது வயரைக் காக்கும், அதாவது காரைத் தீயிலிருந்து காக்கும். ஆம்பில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் இங்கே 60. அடிக்கடி எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள், பெரிய ஃபியூஸ் மாட்டாதீர்கள். இன்ஜின் அறைத் தகட்டில் வயர் நுழையும் துளையில் ரப்பர் புஷ் கட்டாயம்.

9. எர்த் வயர் பிளஸ் வயரின் அதே தடிமன், அரை மீட்டருக்குள். டிக்கியின் தகட்டில் பெயின்ட்டை எமரி தாளால் தேய்த்து, பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகு லக் வைத்து நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். மேலே பெயின்ட் தடவினால் துரு பிடிக்காது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கவே கூடாது. அது உயிர் காக்கும் போல்ட், அதைத் தளர்த்தக் கூடாது.

10. எங்கே வோல்ட் வீணாகிறது என்று நீங்களே பார்க்கலாம். இன்ஜின் ஓட, பேஸ் அடிக்கும்போது பேட்டரி முனைகளிலும் ஆம்பின் முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளையோ எர்த்தையோ லூஸ் லக்கையோ சந்தேகியுங்கள். பல ஆம்ப்களில் 14.4 வோல்ட் 12 ஆக இறங்கினால் பவரில் 30 சதவீதம் போய்விடும்.

11. ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயர் காரின் ஒரு பக்கம், பவர் கேபிள் எதிர்ப்பக்கம் போகட்டும்.

12. கெயின் திருகு வால்யூம் அல்ல. ஹெட் யூனிட்டின் சிக்னலுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பார்க்கத்தான் அது. வூஃபரைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்ட்டையும் பூஜ்யத்தில் வைத்து, வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் ஸ்பீக்கர் முனைகளில் வையுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்ட் வரும். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6. அதைத் தாண்டித் திருகினால் ஆம்ப் 'கிளிப்' ஆகும். காயில் கருகும் வாடை பலருக்கு வந்தது இதனால்தான்.

13. லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். போர்ட் வைத்த பெட்டியானால் சப்சோனிக் ஃபில்டரை மறக்காதீர்கள். போர்ட்டின் ட்யூனிங்குக்குக் கீழே கோன் பிடிமானமின்றி அடித்துக்கொள்ளும்.

14. இரண்டு வூஃபர் போட்டும் பேஸ் செத்துக் கிடந்தால், ஒன்றின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து ஒலியை அடித்துவிடும்.

15. பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் கடைக்காரர் கெபாசிட்டர் விற்பார். அது நொடியின் சிறு பங்குக்குத்தான் தாங்கும். மின்சாரத்தை உற்பத்தி செய்யாது. அதற்கு முன் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸிலிருந்து பாடி, இன்ஜினிலிருந்து பாடி, இந்த மூன்று வயரையும் தடிமனாக்குங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயரில் ஃபியூஸ் இருக்கட்டும். அதற்குப் பிறகும் மங்கினால் ஆல்டர்னேட்டரின் கொள்ளளவே போதவில்லை என்று பொருள். அந்தக் காரில் ஆம்பின் வாட்டைக் குறைக்க வேண்டும், அல்லது பெரிய ஆல்டர்னேட்டர் போட வேண்டும்.