வாக்கிங்கில் வேறு நாயைக் கண்டால் உங்கள் நாய் பாய்கிறதா?

1. எதிரே நாய் தெரிந்ததுமே தெருவின் மறுபக்கம் போய்விடுங்கள். குரைக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் சொல்வது எதுவும் அதன் காதில் ஏறாது.

2. அந்த நாயைப் பார்த்தும் உங்கள் நாய் அமைதியாக இருக்கிறதா? அந்த நொடியே வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். இன்னொரு நாய் வந்தால் தனக்கு நல்லது கிடைக்கும் என்று பழகிக்கொள்ளும். உப்பு, மசாலா, வெங்காயம், எலும்பு கூடாது. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் வேண்டாம்!

3. கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள், அடிக்காதீர்கள். வலிக்குக் காரணம் எதிரே வந்த நாய்தான் என்று எண்ணிவிடும்.

4. கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னஸ் மாட்டுங்கள். இழுத்தாலும் தொண்டை நெரிபடாது.

5. குப்பைத்தொட்டி, கறிக்கடை முனைகளைத் தவிருங்கள். தெருநாய்கள் அங்கேதான் கூடும்.

6. சாதுவாக இருந்த நாய் திடீரென்று இப்படி மாறினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் எங்காவது வலி இருக்கலாம்.