பட்டறையில் நாம் யார்? – மின்கருவித் தொழிலும் விபத்து நட்டஈடும்

சரவணையில் தோட்டக் கிணற்று மோட்டர் எரிந்துபோனால், இரண்டு நாட்களில் பயிர் வாடத் தொடங்கும். உப்புக் காற்றும் உவர்நீரும் மோட்டர்களை விரைவில் பழுதாக்குகின்றன. எனவே நாம் மோட்டரைக் கட்டிக்கொண்டு பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணத்துப் பட்டறைக்குப் போகிறோம். கம்பி சுற்றக் கூலி எவ்வளவு என்பது எமக்குத் தெரியும். கம்பி சுற்றும் இளைஞனுக்குக் கையில் காயம் வந்தால் யார் பொறுப்பு என்பது தெரியுமா? இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

1. சட்டம் யாரைத் தொழிலாளி என்கிறது?

இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. வேலையின்போது, வேலை காரணமாக ஏற்படும் விபத்துக்குத் தொழில்தருநரே நட்டஈடு செலுத்த வேண்டும். முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் சாதாரண கவனயீனமும் உரிமையைப் பறிக்காது. ஆனால் மது அருந்தியிருத்தல், பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே அகற்றுதல் போன்றவை உரிமைக்குத் தடையாகலாம்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாவிடினும் வாய்ப்பேச்சு ஒப்பந்தம் போதும். தொழில் பழகுபவரும் இச்சட்டத்துக்குள் அடங்குவர். “பொடியன் பழக வந்தவன்தானே” என்பது தட்டிக்கழிக்கும் பேச்சே தவிர, சட்டம் அன்று.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உச்ச நட்டஈடு 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தும் சேர்க்கப்பட்டது. நாள்தோறும் தாம்போதியைக் கடக்கும் எம்மவருக்கு இது முக்கியமானது.

2. வேலையின் பெயர் ஏன் முக்கியம்?

ஐக்கிய அமெரிக்காவில் மின்கருவி செய்யும் தொழிற்சாலைகளை ஆபத்தின் அளவுக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு 100 டொலர் சம்பளத்துக்கும் இவ்வளவு எனக் காப்புறுதிக் கட்டணம் விதிக்கிறார்கள். எழுதுவினைஞருக்கு ஒரு வீதம், இயந்திரத்தில் நிற்பவருக்கு வேறு வீதம். எமது நாட்டில் பொறுப்பு நேரே முதலாளியுடையது. அவர் விரும்பினால் காப்புறுதி எடுக்கலாம். காப்புறுதி இல்லாவிட்டாலும் பொறுப்பு நீங்காது.

ஆனால் காப்புறுதிப் படிவத்தில் “விற்பனை உதவியாளர்” என்று எழுதப்பட்டவர் உண்மையில் மோட்டர் பரீட்சிப்பவராக இருந்தால், விபத்தின்பின் தகராறு எழும். ஆகவே செய்யும் வேலையின் பெயரே பதிவேட்டில் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி வேறு, விபத்து நட்டஈடு வேறு என்பதையும் மறக்கலாகாது.

3. விபத்தைத் தடுக்கும் வழிகள்

அ) மோட்டரைத் திறக்குமுன் சுவிச்சை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கையும் கழற்ற வேண்டும்.

ஆ) கப்பாசிட்டர், மின்சாரம் துண்டித்த பின்னும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். தகுந்த தடையின் மூலம் அதனை வெறுமையாக்கிய பின்பே தொட வேண்டும்.

இ) பரீட்சிக்கும் மேசைக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் நல்ல எர்த் இணைப்பும் அவசியம். எமது வீட்டு மின்சாரமான 230 வோல்ற் உயிரைப் பறிக்கப் போதுமானது. தனியாக நின்று பரீட்சிக்க வேண்டாம்.

ஈ) வார்னிஷ் ஆவி தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமான இடத்தில் பூசுக.

உ) ஈயம் கலந்த பற்றாசு வைத்தபின் கை கழுவாமல் உண்ணலாகாது. ஈய நஞ்சேற்றமும் நட்டஈட்டுக்குரிய தொழில் நோயே.

ஊ) கம்பி சுற்றும் இயந்திரத்தின் அருகே தொங்கும் சாரமும் மோதிரமும் ஆபத்து.

மின் தாக்கியவரை வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். மூச்சில்லையெனில் நெஞ்சழுத்தச் சிகிச்சையைத் தொடங்கி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

4. விபத்து நேர்ந்தால்

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். முதலாளியின் முகத்துக்காக “வீட்டில் விழுந்தேன்” என்று சொன்னால், அந்தத் துண்டே பின்னர் எமக்கெதிரான சாட்சியாகும். முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். நட்டஈட்டு ஆணையாளரிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பியுங்கள். உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கும் கடிதம் செல்லாது. மரணம் நேர்ந்தால் நட்டஈட்டுப் பணம் ஆணையாளரிடமே வைப்பிலிடப்பட வேண்டும். குடும்பத்தின் கையில் கொடுக்கும் சிறு தொகையோடு கணக்கு முடிந்துவிடாது.

சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, உடன் வேலை செய்தோரின் சாட்சி ஆகிய மூன்றும் பெரிதும் உதவும். இவை எதுவும் இல்லாத இளைஞனே விபத்தின்பின் “இவன் எங்கள் ஆள் அல்ல” என்ற சொல்லைக் கேட்க நேர்கிறது.

கலந்துரையாடுவோம்

1. எமது கிராமத்திலிருந்து பட்டறைகளுக்குப் போவோர் எத்தனை பேர்? அவர்களின் பெயர் பதிவேட்டில் உண்டா?

2. எமது மோட்டரைக் கொடுக்கும்போது, அங்கு ட்ரிப் சுவிச் உள்ளதா என்று கேட்கிறோமா?

3. விபத்து நேர்ந்த குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுத எமது சங்கத்தில் யார் உதவலாம்?