ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு



பத்தாம் வகுப்பு, இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வந்தவுடன் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் குடும்பத்தார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வேலையில் ஆசை. டாக்டர் படிப்புக்கு வசதியில்லை. வேறு என்ன படிக்கலாம் சார்?" நான் மருத்துவம் படித்தவனல்ல, பொறியியல் டிப்ளமா படித்து ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனினும் பல பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, கல்லூரிகளில் விசாரித்து அறிந்ததை இங்கே ஒரு பாடமாகத் தருகிறேன்.

1. யார் இந்தப் பணியாளர்கள்?

இரத்தம் எடுப்பவர், பரிசோதனைக்கூடத்தில் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்குபவர், மயக்க மருந்து நிபுணருக்கு உதவுபவர் ஆகியோர் இல்லாமல் இன்று எந்தப் பெரிய மருத்துவமனையும் ஒரு நாள்கூட நடக்காது. இவர்களுக்கென மத்திய அரசு 2021-ல் தனிச் சட்டம் இயற்றியது. தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். இத்தொழில்களை அது 10 பிரிவுகளாக வகுத்துள்ளது. நர்ஸ், பார்மஸிஸ்ட் ஆகியோருக்குத் தனிக் கவுன்சில்கள் உண்டு. அவர்கள் இதில் சேரமாட்டார்கள்.

2. மூன்று படிகள்

முதற்படி, பொதுப் பணி உதவியாளர். சில மாதப் பயிற்சி. நோயாளியைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், சக்கர நாற்காலிக்கு மாற்றுதல், படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைத்தல் ஆகியவை இவர் வேலை. ஊசி போடுவது இவர் வேலையல்ல.

இரண்டாம் படி, டிப்ளமா. இன்டர்மீடியட்டில் பை.பி.சி. எடுத்தவர்களுக்கு இது எளிது. 2021 சட்டப்படி ஒருவர் துணை மருத்துவத் தொழில்முறையாளர் எனப்பட வேண்டுமானால், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் பயின்ற டிப்ளமாவோ பட்டமோ வேண்டும்.

மூன்றாம் படி, பி.எஸ்.ஸி. பட்டம். திருப்பதியில் தேவஸ்தானம் நிறுவிய ஸ்விம்ஸ், 1993-ல் மருத்துவமனையாகச் செயல்படத் தொடங்கி 1995-ல் பல்கலைக்கழகமானது. அங்கே இத்தகைய பட்டப்படிப்புகள் உண்டு. சித்தூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. 1909-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிய அந்த நிறுவனத்திலும் துணை மருத்துவப் படிப்புகள் பல உள்ளன.

3. வேலையின் உயிர்நாடி

ரயில்வேயில் லெவல் கிராசிங் கேட் மூடப்பட்டதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்டால், "மூடியாயிற்று" என்ற சொல் மட்டும் போதாது. இருவரும் பிரைவேட் நம்பர் பரிமாறி, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரி வேலையின் அடிப்படையும் இதுவே.

இரத்தம் எடுக்கப் போகிறவர் நோயாளியிடம், "நீங்கள்தானே சுப்பிரமணி?" என்று கேட்கக் கூடாது. அரைத் தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டி விடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பிறகு பிறந்த தேதியையோ ஆஸ்பத்திரி எண்ணையோ சீட்டுடன் ஒத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது குழாய்களின் வரிசை. இளநீல மூடி, சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி என்ற வரிசையில் இரத்தம் எடுப்பார்கள். ஏன்? ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்னும் பொட்டாசிய உப்பு இருக்கிறது. அதை முதலில் நிரப்பி, பின் சிவப்பு மூடிக்குச் சென்றால் அந்த உப்பில் சிறிது அதில் கலந்து விடலாம். அப்போது பொட்டாசியம் இருப்பதைவிட அதிகமாகவும், கால்சியம் குறைவாகவும் சோதனையில் தெரியும். டாக்டர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பார். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அவர் கையில் இருப்பது நம் பிள்ளை எடுத்த இரத்தத்தின் கணக்குதான்.

டயாலிசிஸில் ஒரு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் கரைசல் ஓடுகிறது என்று வையுங்கள். நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர்! நோயாளியின் இரத்தத்துக்கும் அந்தக் கரைசலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. ஆகவே அதற்கான நீரின் தூய்மையைத் தினமும் சோதிக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது, கையால் செய்து பழக வேண்டும்.

4. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, தாயாரின் வளையல்களை அடகு வைத்து ஒரு பயிற்சி நிலையத்தில் பெண்ணைச் சேர்த்தது. ஒரு வருடம் கழித்துச் சான்றிதழுடன் வேலைக்குப் போனபோது, "இது செல்லாதம்மா" என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். அவள் உழைப்பில் குறையில்லை, காகிதத்துக்குத்தான் மதிப்பில்லை. ஆகவே சேருமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

அ) சான்றிதழ் தருவது யார்? பல்கலைக்கழகமா, அரசு வாரியமா, அல்லது அந்த நிலையமேதானா?

ஆ) இதை வைத்து மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?

இ) எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் நேரடிப் பயிற்சி?

ஈ) சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இருவரைப் பார்க்க முடியுமா?

பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

5. இரண்டு மொழிச் செல்வம்

சித்தூர் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. பிறகு எல்லை மாறினாலும் நோயாளிகள் எல்லை பார்ப்பதில்லை. வேலூருக்குத் தெலுங்கு பேசும் நோயாளிகள் போகிறார்கள். திருப்பதிக்குத் தமிழ் பேசுவோர் வருகிறார்கள். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த நம் பிள்ளை, வலியில் இருக்கும் பாட்டியிடம், "எங்கே வலிக்கிறது ஆயா?" என்று அவர் மொழியிலேயே கேட்க முடியும். எந்தக் கல்லூரியும் கற்றுத் தராத தகுதி இது. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலக் கலைச்சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். தினம் பத்துச் சொற்களை நோட்டில் எழுதி, எதிரே தமிழிலும் தெலுங்கிலும் பொருள் எழுதி வந்தால் ஆறு மாதத்தில் அச்சம் போய்விடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளியின் மலஜலம் எடுக்கும் வேலைக்கா பெண்ணை அனுப்புவது என்று சிலர் தயங்குகிறார்கள். நம்மைப் பெற்றவர்கள் படுக்கையில் விழும்போது முகம் சுளிக்காமல் வந்து நிற்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். தயக்கம் தானே நீங்கும்.

விண்ணப்பம் நிரப்பவோ, ஒரு நிலையத்தின் அங்கீகாரத்தைச் சரிபார்க்கவோ உதவி வேண்டுவோர், மதிப்பெண் சான்றிதழின் நகலுடன் ஞாயிறு மாலை சங்க அலுவலகத்தில் என்னைச் சந்திக்கலாம். கட்டணம் கட்டிய பிறகு வருவதைவிடக் கட்டுமுன் வருவது நல்லது.