அளந்த துணியும் உடுத்திய துணியும்: கரிசல் நில ஆடவர் உடை குறித்த இருவகை எழுத்து

ஆடவர் உடை பற்றிய எழுத்துச் சான்றுகளில் இருவகை உண்டு. உடையை விவரிப்பதையே பணியாகக் கொண்டோர் எழுதியவை ஒருவகை. பிறிதொன்றைச் சொல்லும் வழியில் உடையையும் எழுதியோர் தந்தவை மற்றொருவகை. பண்பாட்டு வரலாற்றாளர் முன்னதை ஆவணமாகவும் பின்னதை இலக்கியச் சுவையாகவும் கொள்வது வழக்கம். மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி சூழ்ந்த கரிசல் நிலத்தின் உடை வரலாற்றுக்கு இத்தரவரிசை பொருந்தாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதல்வகைக்குத் தலையாய சான்று ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சனின் பணி. லண்டன் இந்தியா அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த அவர், 700 துணி மாதிரிகளை 18 தொகுதிகளாக்கி 20 படிகள் உருவாக்கினார். இந்தியரின் துணிகளையும் உடைகளையும் விவரிக்கும் அவருடைய நூல் 1866இல் வெளிவந்தது. தலைப்பாகை, வேட்டி முதலியவற்றின் நீளமும் அகலமும் எடையும் அதில் துல்லியமாக உள்ளன. இந்தியாவில் எத்துணி விற்கும் என்பதைப் பிரித்தானிய ஆலை முதலாளிகளுக்கு உணர்த்துவதே நோக்கம். எனவே நெய்து முடித்த துணியோடு அவர் பார்வை பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கரிசலில் பொருள் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஒரே துண்டு வெயிலில் தலைக்கு முண்டாசு, நடையில் தோளில், வேலையில் இடுப்பில். சாதிப் படிநிலை ஓங்கிய ஊர்களில் தாழ்த்தப்பட்டோர் மேல்சாதியார் எதிரே தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டவோ கக்கத்தில் இடுக்கவோ நேர்ந்தது. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவதும் அத்தகையதே. துணியின் நீளத்தில் மாற்றமில்லை. மனிதனின் நிலை மாறிவிடுகிறது. இதை எந்த அளவுகோலும் காட்டாது.

இவ்விடத்தில் இரண்டாம் வகை துணைநிற்கிறது. இதே கரிசலின் தென்பகுதியில், இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன் விவசாயி, கல்லூரி வழி வந்தவர் அல்லர். அவருடைய 'வேட்டி' சிறுகதை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட ஒருவரின் கிழிந்த வேட்டியைச் சுற்றி அமைந்தது. நாடு பெற்றதையும் அவர் பெறாததையும் ஒருங்கே காட்ட ஒரு வேட்டி போதுமானதாகிறது. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறித் தம் முடிவுக்குத் தாமே எழுத்தில் காரணம் கூறியதும் இவ்வகையில் அடங்கும். (அவர் இதழாசிரியரும் ஆவார், எனவே ஊதியம் பெற்று எழுதுவதும் பெறாது எழுதுவதும் இங்கு எல்லைக்கோடு ஆகா. துணியை விற்கும் பொருளாக நோக்குவதா, உடுத்தியவரோடு சேர்த்து நோக்குவதா என்பதே வேறுபாடு.)

இரண்டாம் வகையையும் ஐயமின்றி ஏற்பதற்கில்லை. அதை எழுதியோர் பெரும்பாலும் துண்டைத் தோளில் இட உரிமை பெற்றவர்கள். துண்டை எடுக்க நேர்ந்தவரின் எழுத்து வெகுகாலம் கழித்தே அச்சேறியது. ஆதலால் ஓர் உடைக்குறிப்பைச் சான்றாக்கும் முன், எழுதியவர் எத்திண்ணையில் அமர்ந்து அதைக் கண்டார் என வினவுதல் முறை.

இவ்விரு வகைக்கும் வெளியே நிற்பது வண்ணார் குறி. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடப்படும் அக்குறி, இன்ன வேட்டி இன்ன வீட்டினுடையது என்பதைச் சொல்லும். ஊரார் உடைகள் அனைத்தையும் கையாண்டவர்கள் தாம் துவைத்த துணியின் மீதே எழுதி வைத்த எழுத்து அது.