ஒரு பக்கம், இரண்டு வகுப்புகள்

"கணினி வந்தால் எங்கட பிள்ளையளின்ர படிப்பு முன்னேறுமோ?" பெற்றோர் பலர் இப்படிக் கேட்கின்றனர். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் கைத்தொலைபேசியில் பாடத்தைப் படமாக அனுப்பினார். பிள்ளை அதைக் கொப்பியில் பார்த்து எழுதியது. தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் கிடைக்கவில்லை. அங்கே கருவி தபாற்காரரின் வேலையை மட்டுமே செய்தது. பிள்ளைகள் ஒருவரோடொருவர் சேர்ந்து எதையும் ஆக்கவில்லை. சேர்ந்து ஆக்குவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணத்தை இப்பாடத்தில் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கமிலா என்றொரு சிற்றூர் உண்டு. கச்சானும் பருத்தியும் விளையும் கமக்காரப் பிரதேசம். அங்கு கணினி கற்பித்த ஆசிரியை விக்கி டேவிஸ், 2006 ஆம் ஆண்டின் இறுதியில், வங்காளதேசத்தின் டாக்கா நகரில் கற்பித்த அவுஸ்திரேலிய ஆசிரியை ஜூலி லின்ட்சியுடன் கைகோத்தார். உலகம் எவ்வாறு சுருங்கி வருகிறது என்பது பற்றித் தோமஸ் ஃபிரீட்மன் 2005 இல் வெளியிட்ட நூலே பாடப்பொருள். அவர் அதற்குப் பத்துக் காரணிகளைக் கூறியிருந்தார். பேர்லின் சுவரின் வீழ்ச்சி அவற்றில் ஒன்று. கமிலா மாணவர் ஒருவரும் டாக்கா மாணவர் ஒருவரும் சோடியாகி, ஒரு காரணியைப் பற்றி இணையத்தில் ஒரே பக்கத்தை எழுத வேண்டும்.

அவர்கள் பயன்படுத்திய கருவிக்கும் 'விக்கி' என்றே பெயர். (ஆசிரியையின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது 'விரைவு' எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்.) 1995 இல் வார்ட் கன்னிங்காம் என்பவர் இதனை முதலில் அமைத்தார். ஊர்ப் பொது மடத்தில் ஒரு கொப்பி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் எழுதலாம், மற்றவர் எழுதியதைத் திருத்தலாம். ஆனால் அழித்தது அழிந்துபோவதில்லை. யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பின்னால் பதிவாகி நிற்கும். பிழையாகத் திருத்தினால் பழைய பக்கத்தை மீட்டெடுக்கலாம்.

ஆசிரியருக்கு இந்தப் பதிவு பெரும் உதவி. குழுவேலை என்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று முழுவதையும் செய்ய, மற்றவை பெயரை மட்டும் போடுவது எங்கும் உள்ள வழக்கம். எங்கள் சங்கங்களிலும் இதைக் காண்கிறோம் அல்லவா? விக்கியில் அது மறைந்திருக்க முடியாது. பேசாத பிள்ளை இரவில் இருந்து நல்ல பந்தி ஒன்றை எழுதியிருந்தால் அதுவும் தெரியும். கருவி காட்டிக்கொடுக்கும், ஆனால் அதைப் பார்த்துப் பிள்ளையுடன் பேச வேண்டியவர் ஆசிரியரே.

கமிலாவில் காலை ஒன்பது மணி என்றால், குளிர்காலத்தில் டாக்காவில் இரவு எட்டு மணி. இரு வகுப்புகளும் ஒரே நேரத்தில் அமர முடியாது. ஆகவே ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர வேண்டியிருந்தது. முகம் காணாத ஒருவர் எழுதிய வரியில் கைவைப்பது இலகுவல்ல. ஏன் மாற்றினேன் என்று சொல்லாமல் மாற்றினால் மனம் நோகும். இதனால்தான் இத்திட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியபோது, வேலை தொடங்குமுன் மாணவர் தம்மை அறிமுகம் செய்யும் 'கைகுலுக்கல்' ஒன்றை முதற்படியாக வைத்தனர். பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதற்கு முன் வரம்பைச் சரிபார்ப்பது போன்றது அது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பல பாடசாலைகள் இலவசமாகப் பயன்படுத்திய விக்கித் தளமொன்று 2018 இல் அச்சேவையை நிறுத்தியது. பிரதி எடுத்து வைக்காதவர்களின் மாணவர் வேலை போய்விட்டது. ஓர் இரவில் வீட்டை விட்டு வெளியேறி, பிள்ளையின் சான்றிதழையும் கொப்பியையும் இழந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இணையத்தில் இருப்பதும் பிறருடைய வளவில் இருப்பதுதான். நல்லவற்றைக் கடதாசியிலும் எடுத்து வையுங்கள்.

கணினி இல்லாத இடத்தில் என்ன செய்வது? பிரான்சின் தென்பகுதி மலைக்கிராமமொன்றில் ஆசிரியர் செலஸ்ரின் ஃபிரெனே 1920களில் வகுப்பறையில் சிறு அச்சுப்பொறி ஒன்றை வைத்து, பிள்ளைகள் எழுதியதை அச்சிட்டு, மறுகோடியிலுள்ள பிரித்தானி மாகாண வகுப்பொன்றுக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்தும் பதில் வந்தது.

நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரின் பாடசாலைக்கும், உங்கள் உறவினர் இருக்கும் வேறோர் ஊரின் பாடசாலைக்கும் இடையே ஒரு கொப்பியைப் பேருந்தில் அனுப்பிப் பாருங்கள். தலைப்பு பிள்ளைகளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்: இரு ஊர்களின் கிணறுகள், விதை நெல் வகைகள், சந்தை விலை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிற மை. எழுதியவர் பெயரும் திகதியும் ஓரத்தில் வர வேண்டும். அழிறப்பர் கூடாது; வெட்டுவதானால் கீழேயுள்ள சொல் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் காரணம். முதற் பக்கத்தைப் பாடத்துக்கு ஒதுக்காமல், அந்தப் பிள்ளைகள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று அவர்களே எழுத விடுங்கள்.