கோடை கேம்ப்பில் நகை வகுப்பு: நம்புவதும் நடப்பதும்

ஏப்ரல் பிறந்தால் போதும், மும்பை திலக் நகரின் சொசைட்டி அறிவிப்புப் பலகைகளும் வாட்ஸ்அப் குழுக்களும் கோடை கேம்ப் விளம்பரங்களால் நிறைந்துவிடும். நீச்சல், செஸ், அபாகஸ், ஓவியம் என்று நீளும் பட்டியலில் இப்போது நகை செய்யும் வகுப்புக்கும் ஓர் இடம் உண்டு. சில்க் திரெட் வளையல், குவில்லிங் ஜிமிக்கி, டெரகோட்டா தோடு, பாசிமாலை என்று வகைவகையாகப் போட்டிருப்பார்கள். மகாராஷ்டிரத்தில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் மே மாதம் முழுக்க மூடிக்கிடந்து ஜூன் நடுவில்தான் திறக்கின்றன. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில், ஊருக்கு டிக்கெட் கிடைக்காத வருடத்தில், பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை நியாயமானது.

இந்த வகுப்புகள் நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இவற்றைச் சுற்றி உலவும் பல நம்பிக்கைகள் தவறானவை. அவற்றால் சில பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் தொடக்கூடாத பொருளைத் தொடுகிறார்கள்.

"இது பெண் பிள்ளைகளுக்கான வகுப்பு"

அதிகம் கேட்பதும் அதிகம் கெடுப்பதும் இந்த நம்பிக்கைதான். திலக் நகரில் ஹார்பர் லைன் ரயிலேறி மஸ்ஜித் பந்தரில் இறங்கி ஜவேரி பஜாருக்கு நடந்து போய்ப் பாருங்கள். கீழே கடைகள் மினுங்கும். மேல் மாடிகளின் பட்டறைகளில் ஊதுகுழலும் இடுக்கியுமாகக் குனிந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களில் பலர் வங்காளத்திலிருந்து வந்த கைவினைஞர்கள். நம் ஊரிலும் நகை செய்த ஆசாரியும் பத்தரும் ஆண்களே. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகை புவிசார் குறியீடு பெற்றது; அதுவும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் ஆண்கள் செய்துவந்த பட்டறைத் தொழில்தான்.

நகையை யார் அணிகிறார்கள் என்பதை வைத்து யார் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டியதால் வந்த குழப்பம் இது. அக்காவை வகுப்பில் விட வந்த பத்து வயதுத் தம்பி, கதவோரம் நின்று பிளையர் கம்பியை வளைக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கையில் ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு வளையம் வந்துவிடும். முதல் வளையம் கோணலாக இருக்கும், மூன்றாவது நேராகும். அவனைச் சேர்த்துக்கொள்ளாத கேம்ப் தவறு செய்கிறது. ரோஜா நிறத்தில் விளம்பரம் அச்சடித்து, சிறுமி படத்தை மட்டும் போடுவதும் அதே தவறுதான்.

"ஒரே நாளில் டெரகோட்டா நகை செய்து கொண்டுபோகலாம்"

முடியாது. களிமண்ணுக்கு அதன் கணக்கில் நேரம் தேவை.

மண்ணைச் சலித்து, பிசைந்து, உள்ளே காற்றுக் குமிழ் தங்காமல் பதப்படுத்த வேண்டும். பிறகு உருட்டித் தட்டி உருவம் கொடுத்து, ஈரம் இருக்கும்போதே ஊசியால் துளை போட வேண்டும். காயும்போது மண் சுருங்கும் என்பதால் துளையைச் சற்றுப் பெரிதாகவே போடுவார்கள். இதற்குப் பிறகு வருவது காத்திருப்பு. வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து விரிசல் விடும், அதனால் நிழலில் மெல்லக் காய வேண்டும். மும்பையின் மே மாதக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். சின்ன மணி உலரவே நாட்கள் பிடிக்கும், தடித்த பதக்கத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். உள்ளே துளி ஈரம் மிஞ்சியிருந்தாலும் சூளையில் அது ஆவியாகி நகையை வெடிக்கச் செய்துவிடும்.

சுடுவதும் அடுப்படி வேலை இல்லை. ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸில் களிமண்ணின் மூலக்கூறுகளோடு பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. அதன் பிறகு அது மறுபடி சேறாகாது. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணில் உள்ள இரும்பு சிவப்பு நிறம் தரும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் அதே மண் கறுப்பாகும். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. சுடாத மணி ஒன்றையும் சுட்ட மணி ஒன்றையும் இரண்டு தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதலாவது கரைந்து அடியில் படியும், இரண்டாவது அப்படியே கிடக்கும். இந்தச் சோதனையைச் செய்யாத டெரகோட்டா வகுப்பு பாதிப் பாடத்தை விட்டுவிடுகிறது என்பேன்.

மும்பையில் இதற்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் இன்றும் சக்கரம் சுற்றுகிறார்கள். சூளைகளில் பஞ்சுக் கழிவை எரிக்கிறார்கள். புகை அதிகம் என்பதால் சூளை எரியும் நேரத்தைத் தவிர்த்து, சக்கரம் சுற்றும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். கேம்ப்பின் ஒரு காலைப் பொழுதை அதற்கு ஒதுக்கலாம்.

அப்படியானால் ஒருநாள் வகுப்பில் என்னதான் நடக்கிறது? ஒன்று, ஏற்கெனவே சுட்டுவைத்த துண்டுகளுக்கு வண்ணம் தீட்டிக் கோக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால், காற்றிலேயே இறுகும் செயற்கைக் களிமண்ணைத் தருகிறார்கள். இரண்டும் பிழையில்லை, ஆனால் அதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். காற்றில் இறுகும் களிமண் வியர்வையிலும் மழையிலும் இளகக்கூடியது. ஜூனில் பிள்ளை ஆசையாகப் போட்டுக்கொண்டு போன தோடு பிசுபிசுத்தால் அது பிள்ளையின் குறை ஆகாது. உண்மையான டெரகோட்டா சொல்லித்தர இரண்டு வாரமாவது வேண்டும்: முதல் வாரம் உருவாக்கம், இடையில் உலர்த்தல், சூளை வேலையை ஆசிரியர் பார்த்துக்கொள்ள, அடுத்த வாரம் வண்ணமும் கோப்பும்.

"பாசியும் நூலும்தானே, ஆபத்து என்ன இருக்கிறது?"

2006-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாகத் தரப்பட்ட கைச்சங்கிலியின் இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்துபோனான். அந்தப் பதக்கம் ஏறக்குறைய முழுக்க ஈயம். அதன் பிறகு சுமார் 3 லட்சம் சங்கிலிகள் திரும்பப் பெறப்பட்டன. உடலில் ஈயம் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் நகைகளில் ஈயத்துக்கு எடையில் 0.05 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

நம் கேம்ப்புகளுக்கான பொருட்கள் பெரும்பாலும் புலேஷ்வர், அப்துல் ரஹ்மான் தெரு பக்கத்து மொத்தக் கடைகளிலிருந்து வருகின்றன. எடை போட்டு பாலித்தீன் பையில் தரும் உலோக மணியில் என்ன கலந்திருக்கிறது என்று அந்தப் பையில் எழுதியிருக்காது. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உதிரியாக வாங்கும் மணியும் பதக்கமும் நகைத் தொழிலுக்கான சரக்காக விற்கப்படுவதால் அந்த முத்திரையை அங்கே எதிர்பார்க்க முடியாது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு மரம், கண்ணாடி, சுட்ட மண், நூல், காகிதம் போதும். மலிவான உலோகப் பதக்கங்களை விட்டுவிடலாம். மணியை வாயில் வைத்துக்கொண்டு கோக்கும் பழக்கம் இருந்தால் முதல் நாளே நிறுத்த வேண்டும்.

தங்க முலாம் பூசியிருந்தால் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. முலாமுக்குக் கீழே நிக்கல் இருந்தால், முலாம் தேய்ந்ததும் அது தோலைத் தொடும். புதிதாகக் காது குத்திய பிள்ளைக்கு அரிப்பும் நீர்க்கசிவும் வர நிக்கல் ஒரு முக்கியக் காரணம். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். பிள்ளை செய்த ஜிமிக்கி அழகாக இருக்கட்டும், அதன் கொக்கி மட்டும் வெள்ளியிலோ நல்ல ஸ்டீலிலோ இருக்கட்டும்.

பசை விஷயத்திலும் கவனம் வேண்டும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை பிள்ளைகளுக்குச் சரி. நொடியில் ஒட்டும் பசை விரலோடு விரலையும் இமையோடு இமையையும் ஒட்டிவிடும். ஹாட் க்ளூ கன்னில் உருகிவரும் பசை தோலைக் கொப்பளிக்கச் செய்யும் சூடுடையது, அது ஆசிரியர் கையில் மட்டும் இருக்க வேண்டும். ரெசின் ஊற்றி உள்ளே பூ வைக்கும் பதக்கங்கள் இப்போது எல்லாருக்கும் பிடித்திருக்கின்றன. எபாக்சி ரெசின் கெட்டியாகும் முன் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. காற்றோட்டமில்லாத அறையில் சிறுவர்களை வைத்து ரெசின் வகுப்பு நடத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று வீட்டுக்குள் நடப்பது. வகுப்புக்குப் போகிறவளுக்கு எட்டு வயது, வீட்டில் தவழ்கிற தம்பிக்கு ஒரு வயது. திலக் நகரின் பழைய மாடா (மாநில வீட்டுவசதி ஆணையம்) குடியிருப்புகளில் பிள்ளை மணி கோக்கும் தரையும் தம்பி தவழும் தரையும் ஒன்றுதான். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கச் சுமார் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு உருளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கக்கூடியது. நகை வகுப்பின் மணி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். பெரிய தாம்பாளத்தில் துணி விரித்து அதன்மேல் வைத்துக் கோத்தால் மணி உருளாது. காந்த மணிகளையும் பட்டன் பேட்டரி விளக்குப் பதக்கங்களையும் வீட்டுக்குள் விடவே வேண்டாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கிய குடல் சுவரில் ஓட்டை போட்டுவிடக்கூடும். மூக்கில் மணி போய்விட்டால் ஊக்கு, இடுக்கி எதையும் நுழைக்காதீர்கள், உருண்டையான பொருள் இன்னும் உள்ளேதான் போகும். நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

"படிப்புக்கு உதவாத பொழுதுபோக்கு"

1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, எண்களைக் கற்பிக்கக் கையாண்டது மணிகளைத்தான். ஒற்றை மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து மணி பத்து, பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். பிள்ளை ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்க்கிறது. கைத்தொழில் வழியாகவே கல்வி என்ற காந்தியின் திட்டம் 1937 அக்டோபரில் இதே மகாராஷ்டிரத்தின் வார்தாவில்தான் விவாதிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்கள் புத்தகப் பையில்லாமல் 10 நாட்கள் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பழக வேண்டும் என்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த சான்று நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் பெரில், சூதுபவளம், படிகம் முதலிய கல்மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு, வேலையின் பல கட்டங்களில் பாதியில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. அதை வைத்தே அங்கே பட்டறை நடந்தது உறுதியானது. மும்பையில் பிறந்து மராத்தியிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் நம் பிள்ளைக்குச் சங்க காலத்தை இதைவிட நெருக்கமாக அறிமுகம் செய்ய முடியுமா? தான் கோக்கும் மணியைப்போல் ஒன்றை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் துளையிட்டிருக்கிறார் என்று தெரிந்தால் அதன் கண்கள் விரியும்.

"சான்றிதழ் கிடைக்கும், சம்பாதிக்கவும் செய்யலாம்"

கேம்ப் சான்றிதழ் பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும். அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை.

சம்பாத்தியம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மும்பையில் மாலாடு முதலான பகுதிகள் இமிடேஷன் நகைத் தொழிலுக்குப் பேர்போனவை. கல் ஒட்டுவதும் மணி கோப்பதும் பீஸ் கணக்கில் வீடுகளுக்கு வந்து, படிக்க வேண்டிய பிள்ளைகளின் மாலை நேரத்தைத் தின்றுவிடும் நகரம் இது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக்கூடாது என்கிறது. பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் கைகொடுப்பதற்கு விலக்கு உண்டு. கேம்ப்பின் கடைசி நாளில் பிள்ளைகள் கடை விரித்துப் பத்து வளையல் விற்பது வேறு. வகுப்பு நடத்துபவர் ஆர்டர் பிடித்துப் பிள்ளைகளைக் கொண்டு முடிப்பது வேறு. இரண்டாவதைக் கண்டால் அன்றே பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள்.

கடைசி நாள் கண்காட்சியில் நகைகள் பளபளத்தால் வகுப்பு நன்றாக நடந்தது என்று நினைப்பதும் இன்னொரு தவறான நம்பிக்கைதான். எட்டு வயதுப் பிள்ளை சில்க் திரெட் சுற்றிய வளையலில் எங்காவது ஓர் இடைவெளியில் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தெரியும். முடிச்சு உட்பக்கம் துருத்தும். இழை இழையாகத் தடவிச் சீராகச் சுற்ற விரலுக்குப் பழக்கம் வர வேண்டும். இருபது பிள்ளைகளின் வளையலும் கடையில் வாங்கியதுபோல் ஒரே மாதிரி இருந்தால், முந்தின இரவு ஆசிரியர் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார் என்று பொருள். பெற்றோரின் பாராட்டுக்காக அவரை அப்படிச் செய்ய வைப்பது நாம்தான்.

மே மாதம் திருநெல்வேலிக்குப் போனால் கேம்ப் வீணாகிவிடும் என்று தயங்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. காருக்குறிச்சியில் மண்பாண்டம் செய்கிறார்கள், மானாமதுரையில் கடம் செய்கிறார்கள். தாத்தா வீட்டுக்குப் போகும் வழியில் அரை நாள் அங்கே இறங்கி, பிள்ளையை மண்ணைத் தொட விடுங்கள். இங்கே கட்டணம் கட்டியிருக்கும் கேம்ப்பைவிட அது பெரிய பாடம்.

திலக் நகரிலும் செம்பூரிலும் இந்த வகுப்புகளை நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடைக்கான விளம்பரத்தில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே என்ன பசை, என்ன உலோகம், எந்த வயதுக்கு என்ன வேலை என்பதையும் அச்சிடுங்கள். "சிறுவர், சிறுமியர் இருவருக்கும்" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். பெற்றோரே, பணம் கட்டும் முன் ஒருநாள் வகுப்பில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அனுமதிக்க மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.