புயல் ஓய்ந்த பிறகு பிள்ளையின் மனசு



2018 நவம்பர் 16-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கஜா புயல் வேதாரணியம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கூரைகள் பறந்தன. பிள்ளையைப் போல வளர்த்த தென்னை மரங்கள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், இதே கடற்கரையில் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6000 பேர் மாண்டார்கள்.

இரண்டு முறையும் கணக்கெடுப்பு நடந்தது. எத்தனை மரம், எத்தனை வீடு, எத்தனை ஆடு மாடு, எத்தனை படகு என்று எழுதினார்கள். அது தேவைதான். ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மனசுக்குள் என்ன சாய்ந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டில் தாயும் தந்தையுமாகிய நீங்கள் இருவரும், பள்ளியில் ஆசிரியரும்தான்.

ஒரு பையனின் வயிற்றுவலி

புயலுக்குப் பிறகு ஒரு கிராமத்தில் நான்காம் வகுப்புப் பையனுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று அப்பா அடித்தார். இராத்திரி படுக்கையை நனைத்தான். அதற்கும் அடி விழுந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் சோதித்துப் பார்த்து, வயிற்றில் நோய் ஏதும் இல்லை என்றார். பிறகு அவனைத் தனியே உட்காரவைத்து மெதுவாகக் கேட்டபோது சொன்னான்: "நான் பள்ளிக்கூடத்துல இருக்கும்போது மறுபடியும் காத்து அடிச்சா, அம்மா வீட்டுக்குள்ளயே மாட்டிக்குமே?"

புயல் இரவில் கூரை சரிந்து அம்மா உள்ளே சிக்கி அலறியதை அவன் பார்த்திருக்கிறான். பையன் நடிக்கவில்லை. அம்மாவைக் காவல் காக்கத்தான் வீட்டில் இருக்க நினைத்தான்.

அதன்பின் ஒரு வாரம் அம்மா பள்ளி வாசல் வரை கூடவே போனார். "காத்து பலமா வந்தா நானே பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கு வந்துடுவேன். நீ அங்கயே இரு" என்று சொல்லிவைத்தார். ஆசிரியர் அவனை அவன் கூட்டாளி பக்கத்தில், வாசல் தெரியும் இடத்தில் உட்காரவைத்தார். அப்பா அடிப்பதை நிறுத்தினார். வயிற்றுவலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கொடுத்த மருந்து இவ்வளவுதான்.

பயத்தின் அடையாளங்கள் எவை?

பெரியவர்களைப் போலப் பிள்ளைகள் பயத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். உடம்பாலும் நடத்தையாலும் சொல்வார்கள்.

பள்ளி செல்லும் வயதுக்கு முன்: தாயை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, நிறுத்திய பிறகு மறுபடியும் படுக்கையில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது, இருட்டைக் கண்டு அழுவது.

6 முதல் 12 வயது வரை: பள்ளிக்குப் போக மறுப்பது, தலைவலி, வயிற்றுவலி, கெட்ட கனவு, பாடத்தில் கவனம் சிதறுவது. புயல் விளையாட்டு, சாவு விளையாட்டு என்று நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவதும் உண்டு. "நான் அம்மா சொன்ன பேச்சைக் கேக்கல, அதனாலதான் இப்படி ஆச்சு" என்று தன்மேல் பழி போட்டுக்கொள்ளும் பிள்ளையும் உண்டு.

வளர்ந்த பிள்ளைகள்: எடுத்ததற்கெல்லாம் கோபம், யாருடனும் பேசாமல் ஒதுங்குவது, படிப்பில் நாட்டம் குறைவது, பீடி, மது போன்ற பழக்கங்களில் இறங்குவது.

அழாத பிள்ளையையும் கவனியுங்கள். "எம் மவ ரொம்ப தைரியசாலி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல" என்று பெருமைப்பட வேண்டாம். அப்பா அம்மா ஏற்கெனவே உடைந்து போயிருக்கிறார்கள், நாமும் அழக் கூடாது என்று அது அடக்கிவைத்திருக்கலாம்.

இவையெல்லாம் முதல் சில வாரங்களில் வருவது இயல்பு. இது பைத்தியமும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. அன்பும் ஆதரவும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாமே தேறிவிடுவார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினால் தெம்பு வருமானால் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் காரணமாக வைத்து மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பள்ளிக்கூடமே பாதி மருந்து

வீடு போனாலும் தோப்பு போனாலும், காலையில் மணி அடிக்கிறது, வரிசையில் நிற்கிறோம், மத்தியானம் சேர்ந்து சாப்பிடுகிறோம், சாயங்காலம் விளையாடுகிறோம் என்ற ஒழுங்கு திரும்பி வந்தால், "உலகம் இன்னும் இருக்கு" என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வருகிறது. ஆகவே, பள்ளி திறந்தவுடன், மரத்தடியில் நடந்தாலும் கல்யாண மண்டபத்தில் நடந்தாலும், பிள்ளையை அனுப்புங்கள்.

"சர்டிபிகேட்டெல்லாம் தண்ணியில போயிடுச்சே, வேற ஊருப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்களா?" என்று கேட்பீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கை மறுக்கக் கூடாது. அதே சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது.

கஷ்ட காலத்தில் 14 வயது நிறையாத மகனைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவதும், "ஒரு பொறுப்பு குறையட்டும்" என்று மகளுக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் முடிப்பதும் நடக்கிறது. இரண்டும் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய தீங்கு, ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்த பிள்ளை பள்ளியையும் கூட்டாளிகளையும் சேர்த்து இழக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிள்ளை பேச வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பேச விரும்பாவிட்டால் தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். "நீ எப்ப சொன்னாலும் நான் கேப்பேன்" என்ற ஒரு வார்த்தை போதும்.

2. உண்மையைச் சொல்லுங்கள். தாத்தா இறந்திருந்தால் "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்ல வேண்டாம். பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். பிறகு உங்கள் பேச்சையே நம்பாது. "தாத்தா இறந்துட்டாரு. இனி வர மாட்டாரு. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று அணைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

3. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றுக்கும் நேரம் வையுங்கள். சில நாள் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதில் தவறில்லை.

4. அழிவுக் காட்சிகளைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள்.

5. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் உலகத்தைப் புரிந்துகொள்கிறது. கணவர் கவலையைக் குடியில் கரைக்கப் பார்த்தால் பிள்ளையின் பயம் இரட்டிப்பாகும். மனைவி எல்லாப் பாரத்தையும் தனியே சுமந்து உள்ளுக்குள் புழுங்கினாலும் அப்படியே. இருவரும் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசுங்கள். தேவையானால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

வீட்டில் என்ன நடந்தது, யாரை இழந்தீர்கள், பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்பதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? முதல் சில வாரங்கள் வீட்டுப்பாடமும் பரீட்சைப் பேச்சும் குறைவாக இருக்கட்டும் என்றும், படம் வரையவும் பாடவும் விளையாடவும் நேரம் வேண்டும் என்றும் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி "உங்க வீட்ல யாரு செத்தாங்க?" என்று பிள்ளையிடம் யாரும் கேட்கக் கூடாது.

அடுத்த புயலுக்கு எங்கே போக வேண்டும், யார் கையைப் பிடிக்க வேண்டும் என்று பள்ளியில் ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். வழி தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே. பாதிப் பேர் பெண்கள். கூச்சப்படாமல் அங்கே பேசுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மேலே சொன்ன அடையாளங்கள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், நாளுக்கு நாள் கூடினாலும், உணவும் தூக்கமும் கெட்டாலும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். "நானும் செத்துப் போயிருக்கலாம்" என்று பிள்ளை சொன்னால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். தனியே விடாதீர்கள்.

தொலைபேசியிலும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்: 104 (மருத்துவ உதவி), 14416 (மனநல உதவி), 1098 (குழந்தைகள் உதவி).

நினைவில் வையுங்கள்

அடி கொடுத்தால் பயம் அடங்காது, ஆழப் போகும்.
வாயை அடைக்காதே, தோண்டியும் கேட்காதே. காத்திருந்து கேள்.
பள்ளிக்குப் போகும் பாதை, பயம் போகும் பாதை.
சாய்ந்த தென்னைக்குப் புதுக் கன்று வைக்கலாம். பிள்ளைக்கு அப்படி முடியாது. இருக்கும்போதே கவனிப்போம்.